அண்ணன் நேர்ல வந்து பத்திரிகை வைக்கல, கல்யாணத்துக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 38 வயசு, கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல சூப்பர்வைசர். சொந்த ஊரு பொள்ளாச்சி பக்கம். அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு, உயில் எதுவும் எழுதல. அவர் சம்பாதிச்சு வாங்கின ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பை அண்ணன்தான் பாத்துக்கறாரு, தேங்காய் போட்ட காசுக்கு இதுவரைக்கும் கணக்கு சொன்னதில்ல. முதல் வருஷ திதி அன்னிக்கு அதைக் கேட்டேன். சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி "ஆஸ்பத்திரில ராத்திரி பகலா நான் கிடந்தேன், நீ எங்க இருந்த"ன்னு கேட்டுட்டாரு. அன்னிக்கு ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், அதுல கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். அதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. இப்ப அவர் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகைல சித்தப்பான்னு என் பேரு இருக்கு, ஆனா வீட்டுக்கு வந்து வைக்கல, அக்கா வீட்டுக்காரர்கிட்ட குடுத்து விட்டுட்டாரு. மனைவி போகக்கூடாதுங்கறா. அந்தப் பொண்ணு என் தோள்ல வளந்த புள்ள. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஸ்டாய்க்னு ஒரு பழைய கிரேக்கத் தத்துவம், அது பத்தின வீடியோ பாக்கறேன், நம்ம கையில இல்லாததை விட்டுடணும்னு சொல்றாங்க. அண்ணன் குணம் என் கையில இல்ல, அதனால அவரையே விட்டுடலாம்னு முடிவு பண்ணினேன், ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. கோபம் இப்ப எட்டு வயசுப் பையன் மேல திரும்புது. மானேஜர் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டேன், வீட்டுக்கு வந்து கத்தறேன். போகலாமா வேண்டாமா? போய் அண்ணன் முகம் குடுக்கலன்னா என்ன பண்றது?

பதில்:

வணக்கம் தம்பி. போங்க, குடும்பத்தோட போங்க. பதிலை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது நான் எடுத்துக் குடுக்கற முடிவு கிடையாது, "என் தோள்ல வளந்த புள்ள"ன்னு எழுதினப்பவே நீங்க எடுத்துட்டீங்க. அரிஸ்டாட்டில் இதை ரொம்ப எளிமையா சொல்வாரு. ஒரு டாக்டர் நோயாளி முன்னாடி உக்காந்துகிட்டு இவரைக் குணப்படுத்தலாமா வேண்டாமான்னு யோசிக்க மாட்டாரு, எப்படிக் குணப்படுத்தறதுங்கறதைத்தான் யோசிப்பாரு, போய்ச் சேர வேண்டிய இடம் முடிவானப்புறம் மனுஷன் வழியைப் பத்தித்தான் யோசனை பண்றான்னு. உங்களுக்கு இடம் முடிவாயிடுச்சு, அந்தப் பொண்ணு மணவறைல உக்காரும்போது சித்தப்பாவா அங்க நிக்கணும். இனி எப்படிப் போறது, போறதுக்கு முன்னாடி என்ன பண்றது, வந்தப்புறம் தோப்பு விஷயத்தை எப்படிப் பேசறது, இதைத்தான் யோசிக்கணும். அதை விட்டுட்டு போகலாமா வேண்டாமான்னு உருண்டுகிட்டு இருந்தா தூக்கம் கெடறதுதான் மிச்சம்.

அந்த வீடியோல சொல்ற வரி பொய் இல்ல. நம்ம கையில இருக்கறது சிலது, இல்லாதது சிலதுன்னுதான் எபிக்டெட்டஸ்ங்கற ஸ்டாய்க் தத்துவவாதியோட கையேடு ஆரம்பிக்கவே செய்யுது. ஆனா அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டா, எவன் கஷ்டம் குடுக்கறானோ அவனை வாழ்க்கையில இருந்து தூக்கிடுன்னு ஆயிடுது, அந்த மனுஷன் அப்படிச் சொல்லவே இல்ல. அவர் ரோம்ல அடிமையா இருந்து விடுதலையானவர், கால் ஊனம், பேரரசர் டொமிஷியன் தத்துவம் சொல்லிக் குடுக்கறவங்களை எல்லாம் ஊரை விட்டு விரட்டினப்போ கிரீஸ்ல நிக்கோபோலிஸ்னு ஒரு ஊருக்குப் போய் அங்க பள்ளிக்கூடம் நடத்தினாரு. அவர் கைப்பட ஒண்ணும் எழுதல, அரியன்ங்கற மாணவர் வகுப்புல கேட்டதை எழுதி வச்சதுதான் இன்னிக்கு நம்ம கையில இருக்கு. அதுல அவர் சொல்றாரு, நான் ஒரு சிலை மாதிரி உணர்ச்சி இல்லாம இருக்கக் கூடாது, மகனா, கூடப்பிறந்தவனா, அப்பனா, ஊருக்கு ஒரு குடிமகனா என் உறவுகளைக் காப்பாத்தணும்னு. இவர் வயசான காலத்துல, பெத்தவங்க வளக்க முடியாம கைவிட இருந்த ஒரு நண்பரோட குழந்தையை எடுத்து வளத்தாருன்னு பிற்காலத்துல சிம்ப்ளிசியஸ்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. விட்டுடு விட்டுடுன்னு சொல்ற ஆளு செய்யற காரியமா இது?

உங்க கேள்வியையே அவர்கிட்ட ஒருத்தன் கேட்டிருக்கான், அதை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். என் கூடப்பிறந்தவன் என் மேல கோபமா இருக்கான், அவன் கோபத்தை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கன்னு வந்து நிக்கறான். எபிக்டெட்டஸ் சொன்னாரு, அவனை இங்க கூட்டிட்டு வா, அவன் கோபத்தைப் பத்தி அவன்கிட்ட பேசறேன், உன்கிட்ட அதைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் இல்லன்னு. வந்தவன் விடல, சரி, அவன் சமாதானம் ஆகலன்னாலும் நான் ஒழுங்கா இருக்கறதுக்கு என்ன வழின்னு கேக்கறான். அதுதான் சரியான கேள்வி. பெருசா எதுவும் சட்டுனு வந்துடாது, ஒரு அத்திப்பழம் வேணும்னாக்கூட முதல்ல பூ விடணும், காய் பிடிக்கணும், பழுக்கணும், மனுஷ மனசோட பழம் மட்டும் ஒரே மணி நேரத்துல வேணுமான்னு பதில் வருது. அண்ணன் எப்படி நடந்துக்கறாரு உங்க கையில இல்ல, வாஸ்தவம். தம்பியா நீங்க எப்படி நடந்துக்கறீங்க, அது முழுக்க உங்க கையில இருக்கு. ஸ்டாய்க் பாதைல போறதா இருந்தா முதல் வேலையே இதுதான், நீங்க அதைத்தான் கை நழுவ விட்டுட்டு இருக்கீங்க.

இதே எபிக்டெட்டஸ் இன்னொண்ணும் சொல்வாரு, எந்தக் காரியத்துக்கும் ரெண்டு கைப்பிடி இருக்கு, ஒண்ணைப் பிடிச்சா தூக்க முடியும், இன்னொண்ணைப் பிடிச்சா முடியாது, கூடப்பிறந்தவன் தப்பு பண்ணினா "தப்பு பண்ணிட்டான்"ங்கற கைப்பிடியைப் பிடிக்காத, "இவன் என் கூட வளந்தவன்"ங்கறதைப் பிடின்னு. திதி அன்னிக்கு அண்ணன் சொன்ன வாக்கியத்தை நீங்க எழுதினபடியே மறுபடியும் எடுத்துப் படிங்க. அதுல ரெண்டு பாதி இருக்கு. "ஆஸ்பத்திரில ராத்திரி பகலா நான் கிடந்தேன்" ஒரு பாதி, "நீ எங்க இருந்த" இன்னொரு பாதி. ஒரு வருஷமா நீங்க ரெண்டாவது பாதியை மட்டுமே காதுல ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. முதல் பாதி ஒரு மனுஷன் களைச்சுப்போய் சொன்னது, அப்பா படுக்கைக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்து, டியூட்டி நர்ஸ் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் எந்திரிச்சு, மாத்திரைச் சீட்டோட மெடிக்கலுக்கு ஓடினவர் சொன்னது. அந்த நாட்களைப் பத்தி நீங்க அவர்கிட்ட எப்பவாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? லெட்டர்ல அது இல்ல, அதனால கேக்கறேன். கணக்கு கேட்டது நியாயம். ஆனா அவர் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி நிக்குது, அது தேங்காய் கணக்கு இல்ல.

இப்ப சாக்ரடீஸுக்கு வரேன், உங்க விஷயத்துக்கு இதை விடப் பொருத்தமா எனக்கு வேற எதுவும் தெரியல. ஏதென்ஸ்ல கைரெபோன், கைரெக்ரட்டீஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ரெண்டு பேருமே சாக்ரடீஸுக்கு வேண்டியவங்க. டெல்ஃபி கோயிலுக்குப் போய் சாக்ரடீஸை விட அறிவாளி உண்டான்னு குறி கேட்டது அந்த மூத்தவர் கைரெபோன்தான். ஒரு சமயம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு. சாக்ரடீஸ் தம்பியைப் பாத்துப் பேசறாரு, அந்தப் பேச்சை சாக்ரடீஸோட சீடர் ஜெனோபோன் எழுதி வச்சிருக்காரு. எடுத்த எடுப்புல கேக்கறாரு, கூடப்பிறந்தவனை விட சொத்து உசத்தின்னு நினைக்கற ஆளா நீ? சொத்துக்கு அறிவு கிடையாது, அதை நாமதான் காப்பாத்தணும், அண்ணனுக்கு அறிவு உண்டு, அவன் நம்மைக் காப்பாத்துவான், சொத்து எத்தனையோ இருக்கும், அவன் ஒருத்தன்தான். அப்புறம் சொல்றாரு, பக்கத்து வீட்டுக்காரன் சொத்து நமக்கு வரலன்னு யாரும் அதை நஷ்டமா நினைக்கறதில்ல, ஊரோட சேந்து இருந்தா பாதுகாப்புன்னு புரியுது, ஆனா கூடப்பிறந்தவன் கையில இருக்கறது மட்டும் நமக்கு நஷ்டமாத் தெரியுது, என்ன விசித்திரம் இது.

தம்பி சொல்றாரு, சின்னச் சின்ன மனஸ்தாபம்னா பொறுத்துக்கலாம் சாக்ரடீஸ், ஆனா இவன் எல்லாத்துலயும் நேர்மாறா இருக்கான். சரி, உன் அண்ணன் யாருக்குமே ஆகாதவனா, இல்ல சில பேருக்கு அவனைப் பிடிக்குமான்னு சாக்ரடீஸ் கேக்கறாரு. அதுக்குத் தம்பி சொல்ற பதில்தான் என்னை நிறுத்தி வைக்கற இடம்: அதனாலதான் எனக்கு அவன் மேல வெறுப்பே, மத்தவங்ககிட்ட நல்லாத்தான் இருக்கான், எனக்குத்தான் எங்க போனாலும் சொல்லாலயும் செயலாலயும் கெடுதல். ஊருக்கெல்லாம் நல்லவரு எனக்கு மட்டும் இப்படின்னு என் முன்னாடி உக்காந்து அழுத தம்பிங்க எத்தனையோ பேரு, ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதென்ஸ்லயும் ஒரு தம்பி அதே வயித்தெரிச்சலோட நின்னிருக்கான்.

சாக்ரடீஸ் அவருக்கு நீதி போதனை எதுவும் பண்ணல, கேள்விதான். தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுல பூஜை பண்ணி விருந்து வைக்கறப்போ உன்னைக் கூப்பிடணும்னா என்ன பண்ணுவ? நான் முதல்ல என் வீட்டு விருந்துக்கு அவனைக் கூப்பிடுவேன். நீ ஊர்ல இல்லாதப்போ உன் காரியத்தை ஒருத்தன் பாத்துக்கணும்னா? முதல்ல அவன் ஊர்ல இல்லாதப்போ நான் பாத்துக்குவேன். வெளியூர்க்காரன் உனக்கு அவன் ஊர்ல இடம் குடுக்கணும்னா? அவன் ஏதென்ஸ் வரும்போது நான் இடம் குடுப்பேன். அட, வசியம் எல்லாம் தெரிஞ்சு வச்சுகிட்டு இத்தனை நாள் மறைச்சு வச்சிருக்கியேங்கறாரு சாக்ரடீஸ். தம்பிக்கு இன்னும் ஒரு ஆட்சேபணை பாக்கி, எந்த ஊர் வழக்கம் இது, மூத்தவன்தானே முதல்ல வரணும்? சாக்ரடீஸ் அதையே திருப்பிப் போடறாரு. வழியில எதிர வந்தா சின்னவன்தானே ஒதுங்கி நிக்கணும், பெரியவன் வந்தா சின்னவன்தானே எந்திரிச்சு இடம் விடணும், அப்ப நீதான் முதல்ல போகணும், தயங்காத, உன் அண்ணன் பெருந்தன்மை உள்ளவன், சட்டுனு இறங்கி வருவான்.

நேர்ல வந்து பத்திரிகை வைக்கலங்கற வருத்தம் எனக்குப் புரியாம இல்ல. தாம்பூலத் தட்டோட வீட்டு வாசல்ல வந்து நின்னு "குடும்பத்தோட வந்துடுங்க"ன்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல என்ன மதிப்புன்னு தெரியும், அது இல்லாமப் போனது குறைதான். ஆனா அவர் பத்திரிகைல உங்க பேரை விடல. அச்சடிக்கக் குடுக்கறப்போ சித்தப்பா பேரு போடணுமா வேண்டாமான்னு அந்த வீட்டுல ஒரு பேச்சு வந்திருக்கும், போடச் சொன்னது அவராத்தான் இருக்கணும். அவரால அவ்வளவு தூரம்தான் வர முடிஞ்சுது. மீதி தூரம் நீங்க போங்க.

எப்படிப் போறது? முகூர்த்த நேரத்துக்கு வந்து, மொய் எழுதிட்டு, முதல் பந்தில சாப்பிட்டுக் கிளம்பறது வேண்டாம், அது விருந்தாளி பண்றது. வளைஞ்ச கட்டையை நிமித்தறவங்க அதை எதிர்ப்பக்கமா வளைச்சுப் பிடிப்பாங்க, அது மாதிரி உன் மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா உன்னை இழுன்னு அரிஸ்டாட்டில் சொல்றாரு. உங்க மனசு ஒதுங்கற பக்கம் சாயுது. அதனால ரெண்டு நாள் முன்னாடியே போய் இறங்குங்க, பந்தல்காரனுக்கு வயர் எங்க இழுக்கணும்னு காமிங்க, சமையல்காரர் கேக்கற வாழை இலைக்கு ஆள் அனுப்புங்க, அம்மா பக்கத்துல உக்காருங்க. தைரியமான காரியம் பண்ணித்தான் தைரியசாலி ஆகறான், நியாயமா நடந்து நடந்துதான் நியாயஸ்தன் ஆகறான்னு அவர் எழுதினது இதுக்குத்தான். கூடவே ஒண்ணு எழுதியிருக்காரு, கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும்: தத்துவத்தை வாயால பேசிகிட்டே நல்லவங்களாயிடலாம்னு நினைக்கறவங்க, டாக்டர் சொல்றதைக் கவனமா கேட்டுட்டு ஒரு மருந்தும் சாப்பிடாத நோயாளி மாதிரின்னு. தம்பி, கொஞ்ச நாளைக்கு வீடியோவை நிறுத்துங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு போன். மெசேஜ் வேண்டாம், வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம். காலைல அவர் தோப்புக்குப் போயிட்டு வந்து டீ குடிக்கற நேரம் உங்களுக்கே தெரியும், அப்ப பண்ணுங்க. "அண்ணா, நான்தான். அன்னிக்கு குரூப்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அப்பாவை நீங்கதான் பாத்துகிட்டீங்க, அதை நான் ஒரு நாளும் சொன்னதில்ல. வியாழக்கிழமை வந்துடறேன், என்ன வேலை இருக்குன்னு சொல்லுங்க." இவ்வளவுதான். தோப்புன்னு ஒரு வார்த்தை வாயில வரக்கூடாது, "ஆனா நீங்களும்..."னு ஆரம்பிக்கக் கூடாது. அவர் "ம்"னு சொல்லி வச்சுட்டாலும் பரவாயில்ல.

கோபம் பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா எனக்குக் கவலை அண்ணனை விட அந்த எட்டு வயசுப் பையன் மேலதான். கோபக்காரங்கள்ல அரிஸ்டாட்டில் பல ரகம் பிரிக்கறாரு, அதுல ரெண்டை மட்டும் சொல்றேன். ஒருத்தன் பொசுக்குனு கோபப்படுவான், கத்துவான், அதோட விட்டுடுவான். இன்னொருத்தன் உள்ளுக்குள்ளயே வச்சுக்குவான், வெளிய தெரியாததால யாரும் வந்து சமாதானம் சொல்லவும் மாட்டாங்க, உள்ளுக்குள்ளயே அது ஜீரணமாகக் காலம் ஆகும், அப்படிப்பட்டவன் தனக்கும் ரொம்ப நெருக்கமானவங்களுக்கும்தான் பெரிய தொந்தரவுங்கறாரு. நீங்க அண்ணன் விஷயத்துல ரெண்டாவது ரகம், பையன்கிட்ட முதல் ரகம். மானேஜர்கிட்ட மட்டும் அடக்க முடியுதுன்னா, அடக்கற சக்தி உங்ககிட்ட இருக்குன்னுதானே அர்த்தம்? "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்"னு வள்ளுவர் சொல்றது இதைத்தான், கோபம் எங்க செல்லுபடியாகுமோ அங்க காக்கறவன்தான் காக்கறவன், செல்லாத இடத்துல காத்தா என்ன காக்காட்டி என்ன. உங்க கோபம் செல்லுபடியாகற இடம் அந்தப் பையன்.

வாய்ஸ் மெசேஜ் போட்ட அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னும் அரிஸ்டாட்டில் சொல்றாரு. அவசரக்கார வேலையாள் எஜமான் முழுசா சொல்றதுக்குள்ள ஓடிப்போய் தப்பாப் பண்ணிட்டு வருவான், நாய் கதவு தட்டின சத்தம் கேட்டதும் வந்தது வேண்டியவனான்னு பாக்காமக் குரைக்கும், கோபமும் அப்படித்தான், புத்தி சொல்றதைக் கேக்குது, ஆனா அரைகுறையாக் கேட்டுட்டுப் பாயுது. இதுக்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்கு ஆசிரியரா இருந்த அதினோடோரஸ்ங்கற தத்துவவாதி வயசாயிடுச்சுன்னு ஊருக்குக் கிளம்பறப்போ சொன்னாராம், கோபம் வந்தா 24 கிரேக்க எழுத்தையும் மனசுக்குள்ள வரிசையா சொல்லி முடிக்கற வரைக்கும் எதுவும் பேசாதீங்க, எதுவும் செய்யாதீங்கன்னு. அகஸ்டஸ் அவர் கையைப் பிடிச்சுகிட்டு நீங்க இன்னும் இங்க இருக்கணும்னு சொல்லி இன்னொரு வருஷம் நிறுத்தி வச்சுகிட்டாராம், புளூட்டார்க்ங்கற கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்காரு. நீங்க க் ங் ச் ஞ்னு 18 மெய்யெழுத்தையும் சொல்லுங்க, போதும். சொல்லி முடிக்கறப்போ கை போன்ல இருக்கக் கூடாது, அதை மட்டும் பழகிக்கங்க.

அதோட எபிக்டெட்டஸ் சொன்ன ஒரு கணக்கு. கோபம்ங்கறது பழக்கம், ஒவ்வொரு தடவை கத்தறப்பவும் அதுக்குத் தீனி போடறோம், அதனால கோபப்படாத நாளை எண்ணிகிட்டு வான்னு சொல்றாரு. முன்னாடி தினமும் கோபப்பட்டேன், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் ரெண்டு நாள் விட்டு, மூணு நாள் விட்டு, இப்படியே போய் 30 நாள் தாண்டினா சாமிக்குப் படையல் போடுங்கறாரு. வீட்டுல தினசரி காலண்டர் தொங்கும் இல்லையா, பையனைக் கத்தாத நாள்ல ராத்திரி அந்தத் தாளைக் கிழிச்சு ஒரு டப்பால போட்டு வைங்க, கத்தின நாள் தாளைக் குப்பைல போடுங்க. எதுக்கு சேக்கறீங்கன்னு பையன் கேட்டா மறைக்காம சொல்லுங்க. அப்பா தன்னைத் திருத்திக்கப் பாக்கறாருன்னு ஒரு புள்ளைக்குத் தெரியறதுல எந்த அவமானமும் கிடையாது.

தோப்பு விஷயம். கணக்கு கேக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கோபப்பட வேண்டிய விஷயத்துக்குக் கூடக் கோபப்படாதவன், தன்னையும் தன் மனுஷங்களையும் அவமானப்படுத்தறப்போ சும்மா இருக்கறவன், அவனையும் அரிஸ்டாட்டில் பாராட்டறதில்ல. ஸ்டாய்க் ஆளுங்க இதை ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்குக் கோபமே நோய். எனக்கு இந்த விஷயத்துல அரிஸ்டாட்டில் பக்கம்தான் சரின்னு படுது, யார் மேல, எவ்வளவு, எப்போ, எதுக்காக, எப்படிங்கறது சரியா இருக்கணும், அதுதான் கஷ்டம். கல்யாணத்துக்கு முன்னாடி இல்ல, கல்யாண வீட்டுலயும் இல்ல, சடங்கெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் போகட்டும்.

அப்புறம் ஒண்ணு, இது உங்களுக்குப் பிடிக்காமக் கூடப் போகலாம். லெட்டர் முழுக்க நீங்களும் அண்ணனும்தான் இருக்கீங்க. அக்கா எங்க, அம்மா எங்க? அப்பா சம்பாதிச்ச சொத்து, உயில் இல்லன்னா, 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, அண்ணன், நீங்க நாலு பேருக்கும் சம பங்கு. அண்ணன் உங்களுக்குக் கணக்கு காட்டலன்னு ஒரு வருஷமா வேகறீங்க, அக்காவோட கால் பங்கைப் பத்தி ரெண்டு ஆம்பளைங்களும் மூச்சு விடல, அவங்க வீட்டுக்காரர்தான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பத்திரிகை தூக்கிட்டு அலையறாரு. பங்கு விஷயத்துல ஜனங்க ஏன் சண்டை போடறாங்கன்னா, தன் சொந்த விஷயத்துல பெரும்பாலானவங்க மோசமான நீதிபதிங்கன்னு அரிஸ்டாட்டில் எழுதியிருக்காரு. அண்ணன் தன் பக்கத்தைத்தான் பாக்கறாரு, நீங்களும் அதையேதான் பண்றீங்க. அதனால பேசற அன்னிக்கு நாலு பேரும் உக்காருங்க, அம்மா நடுவுல. உரம், தண்ணி, மரம் ஏறற கூலி, அண்ணன் உழைப்புக்கு ஒரு தொகை, எல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாருங்க. ஆஸ்பத்திரி செலவு யார் போட்டதுன்னும் பாருங்க. ஒத்து வந்தா வக்கீலை வச்சு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சுடுங்க, இல்ல தோப்பைப் பிரிக்காம வருஷா வருஷம் கணக்கு மட்டும் நோட்டுல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. புளூட்டார்க் ஓபஸ்ங்கற ஊர் அண்ணன் தம்பி ரெண்டு பேரைப் பத்திச் சொல்றாரு, பாகம் பிரிக்கறப்போ ஒரு வெள்ளிக் கிண்ணத்தை ரெண்டா வெட்டி, ஒரு போர்வையை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்கொண்ணு எடுத்துட்டுத்தான் போனாங்களாம். கிண்ணமும் போச்சு, போர்வையும் போச்சு.

உங்க மனைவி போகக்கூடாதுங்கறாங்கன்னா அதுக்கு அவங்ககிட்ட ஒரு காரணம் இருக்கும். திதி அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கேட்டப்போ அவங்களும் அங்கதானே நின்னிருப்பாங்க? அவங்களை சமாதானப்படுத்த எந்த கிரேக்கரையும் கூட்டிட்டுப் போகாதீங்க. உக்காத்தி வச்சு என்ன வலிச்சுதுன்னு கேளுங்க, முழுசா சொல்லி முடிக்கட்டும், குறுக்க பேசாதீங்க. அதுக்கப்புறம் "நான் போறேன், நீ கூட இருந்தா எனக்கு தைரியமா இருக்கும்"னு சொல்லுங்க. வரலன்னா வற்புறுத்தாதீங்க, பையனைக் கூட்டிட்டு நீங்க போங்க.

கடைசியாக் கேட்டீங்களே, போய் அண்ணன் முகம் குடுக்கலன்னா என்ன பண்றதுன்னு. கைரெக்ரட்டீஸும் கடைசியா இதையேதான் கேட்டாரு, நான் இதெல்லாம் பண்ணியும் அவன் மாறலன்னா? சாக்ரடீஸ் சொன்னாரு, என்ன நஷ்டம், நீ நல்லவன், கூடப்பிறந்த பாசம் உள்ளவன்னு தெரிஞ்சு போகும், அவ்வளவுதானே, ஆனா அப்படி ஆகாது, நீ இந்தப் போட்டிக்கு இறங்கிட்டன்னு தெரிஞ்சதும் அவன் உன்னை மிஞ்சப் பாப்பான்னு. அதுக்கப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் என்ன பேசிகிட்டாங்கன்னு ஜெனோபோன் எழுதல. ஆனா கி.மு. 399-ல சாக்ரடீஸ் மேல வழக்கு நடந்தப்போ, கைரெபோன் டெல்ஃபில குறி கேட்டதுக்கு சாட்சி வேணும், அதுக்குள்ள அவர் இறந்துட்டாரு. அவர் இல்ல, அவரோட தம்பி இங்க இருக்காரு, அவர் உங்களுக்குச் சாட்சி சொல்வாருன்னு சாக்ரடீஸ் நீதிமன்றத்துல சொன்னதா பிளேட்டோ எழுதியிருக்காரு. அண்ணன் பேர்ல சாட்சி சொல்ல அந்தத் தம்பிதான் வந்திருந்தாரு.

அதனால, மண்டபத்துல அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா நீங்க திருப்பிக்காதீங்க. "அண்ணா, சாப்பிட்டீங்களா"ன்னு ஒரு தடவை கேளுங்க, பதில் வரலன்னா அடுத்த வேலையைப் பாக்கப் போங்க, பந்தில தண்ணி வைக்க எப்பவும் ஆள் பத்தாது. யார்கிட்டயும் போய் "பாத்தீங்களா எப்படிப் போறாருன்னு"னு சொல்லாதீங்க, அக்காகிட்டக் கூட. தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க. பொண்ணு புகுந்த வீட்டுக்குக் கிளம்பறப்போ அண்ணன் கண்ணு கலங்கி ஒரு ஓரமா ஒதுங்குவாரு, பொண்ணைப் பெத்தவங்க எல்லாரும் அப்படித்தான். அந்த நேரத்துல பக்கத்துல போய் நில்லுங்க, அப்ப எதுவும் பேச வேண்டாம்.